லண்டனில் ஒரு பரப்புக் காணி

மாடி வீட்டில் சாடிக் கறிவேப்பிலையோடு காலம் தள்ளும் நம்மவர் பலருக்கு, கவுன்சில் வாடகைக்குத் தரும் 'அலொட்மென்ட்' தோட்டம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு. அது சட்டத்தில் உள்ள உரிமை. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேவை இருப்பதாகக் கண்டால் கவுன்சில் காணி ஒதுக்க வேண்டும். வாக்காளரோ கவுன்சில் வரி கட்டுபவரோ ஆறு பேர் எழுதிக் கேட்டால் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். வரி கட்டினால் போதும், குடியுரிமை தேவையில்லை. கம்டன், ஹக்னி போன்ற உள்நகரக் கவுன்சில்களுக்கு மட்டும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தக் கடமை இல்லை. ஹரோ, பிரென்ட் பக்கம் இருப்பவர்கள் கேட்கலாம்.

முழுத் துண்டு 10 'ரொட்'. ரொட் என்பது நம்முடைய பேர்ச்தான். 10 பேர்ச் என்றால் சரியாக ஒரு பரப்பு. கணக்காளன் புத்தி, இரண்டு தரம் சரிபார்த்தேன்: 16 துண்டு ஒரு ஏக்கர், யாழ்ப்பாணத்திலும் 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்பாவின் நாலு பரப்பு முள்வேலிக்குள் போனபின் அந்தச் சொல்லை நான் வீட்டில் எடுத்ததேயில்லை.

மே நடுப்பகுதிவரை உறைபனி விழலாம். பூசணிக் கன்றை அவசரப்பட்டு நடாதீர்கள். கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் தாராளமாக வரும். உள்ளிப் பல்லை ஒக்டோபரில் ஊன்றினால் யூலையில் கிண்டலாம். கத்தரி, பச்சை மிளகாய்க்குக் கூடாரம் நல்லது. முருங்கை வெளியில் குளிர்காலத்தைத் தாங்காது. வீட்டுத் தேவைக்குக் கோழி வளர்க்கவும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் விடுகிறது, சேவல் கூடாது.

பல இடங்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரைத் துண்டும் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்ததும் அரைப் பரப்புத்தான்.