கவுல் பெற்ற ஏரி

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கலுக்கு, வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள் கூறுவது வழக்கமாகிவிட்டது. பெயரின் முற்பகுதியில் வேடன் இருக்கலாம். பிற்பகுதியில் தங்குதல் இருப்பதாகத் தோன்றவில்லை. தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கலிலும் அதனையே காண்கிறோம். ஊர்ப்பெயரிலேயே ஏரி நிற்கிறது என்பதை மறந்தவர்களுக்கு இவ்வூரின் வரலாறு விளங்காது. புள்ளினங்களின் புகலிடம் என்னும் புகழ் பின்னர் வந்தது. அது முதலில் ஒரு பாசன ஏரி.

ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடைய இவ்வேரி வடகிழக்குப் பருவமழையில் நிறைந்ததும், நீருள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டத் தொடங்குகின்றன. கூழைக்கடாவும் வருகிறது. ஊசிவால் வாத்து போன்றவை வடபுலத்திலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழித்துச் செல்வன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான கூடுகளின் எச்சம் நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்நீர் மதகின் வழியே நெல்வயலை அடைகிறது. வேதியியல் நூல் எதையும் காணாத உழவர்கள் இதனை விளைச்சலில் கண்டறிந்திருந்தார்கள். பறவை அவர்களுக்குக் காட்சிப் பொருள் அன்று, வேளாண்மையில் பங்காளி.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். கபிலரின் குறுந்தொகைப் பாட்டில் தலைவியின் களவு மணத்திற்குச் சாட்சியாக இருந்தது மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றே. வேடந்தாங்கல் உழவர்களோ எழுத்துச் சாட்சியையே நாடினார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு கவுல் வழங்கினார். ஏரியில் வாழும் பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என அது ஒப்புக்கொண்டது. கவுல் என்பது வருவாய்த் துறைச் சொல். குடிகளுக்கு ஆட்சியாளர் எழுதிக் கொடுக்கும் உறுதி. கும்பினி ஆட்சியில் நிலத்தையும் வரியையும் பற்றி அத்தகைய தாள்கள் பல எழுதப்பட்டன. நாரைக்கும் கொக்கிற்கும் ஆதரவாக எழுதப்பட்டது அரிது.

பிளேஸ் துரையின் பெயர் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. மதுராந்தகம் பேரேரியின் கரை உடையும் தறுவாயில் இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்டதாகவும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டுவித்ததாகவும் ஏரிகாத்த இராமர் கோயிலில் கதை வழங்குகிறது. அவர் பெயர் தாங்கிய கல்வெட்டும் அங்கு உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் ஒருபுறமிருக்க, ஏரியும் வரியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அறிந்த அதிகாரி அவர் என்பதில் ஐயமில்லை. வேடந்தாங்கல் கவுலை அவருடைய கருணைக்குச் சான்றாகக் கொள்வதைவிட, கேட்டுப் பெற்ற குடிகளின் கூர்மைக்குச் சான்றாகக் கொள்வதே நேர்மை.

1858இல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. கும்பினி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி தொடங்கிய ஆண்டு அது. ஆள்வோர் மாறும்போது பழைய தாளின் மதிப்பு ஐயத்திற்கு உரியதாவது இயல்பே. 1936இல் மாவட்டக் கலெக்டர் இவ்விடத்தைப் பறவைகள் காப்பிடமாக ஏற்றார். 1962இல் சென்னை வனச் சட்டமும் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் துணை சேர்த்தன. அ. மாதவையாவின் மகனும் தமிழில் கானுயிர்க் கட்டுரைக்கு ஒரு நடையை உருவாக்கியவருமான மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி எழுதியுள்ளார்.

ஏரியில் கூடு கட்டும் பறவை ஏரியிலேயே இரை தேடி முடிப்பதில்லை. நத்தைக்கும் மீனுக்கும் தவளைக்கும் அது சுற்றுவட்டார வயல்களையும் பிற ஏரிகளையும் நாடிப் பறக்கிறது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்திற்குட்பட்ட நிலப்பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் நியாயம் இதுவே. 2020இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்கும் யோசனை அரசுத் தரப்பில் எழுந்தபோது எதிர்ப்பு வலுத்தது. வெளியே கழிக்கப்படவிருந்த 2 கிலோமீட்டரை வரைபடத்தில் பார்த்தால் வெறும் வளையம். தாய்ப் பறவைக்கு அது குஞ்சின் அன்றாட உணவு. 2022இல் வேடந்தாங்கலும், அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

கவுல், சட்டம், பட்டியல் என்று தாள்கள் பெருகியிருக்கின்றன. இருப்பினும் அவ்வளையத்தில் பெரும்பகுதி இன்றும் ஊராரின் நெல்வயல்களும் பாசன ஏரிகளுமே. தீபாவளி நாளில் வெடி வெடிக்காதிருப்பது வேடந்தாங்கல் ஊராரின் வழக்கம். கடம்ப மரங்களில் கூடுகள் எழும் பருவம் அது.