ஹெட் கேஸ்கெட் என்ற பழைய தீர்ப்பு

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் பால்காப்பி நிறத்தில் கொழகொழவென்று கூழ் ஒட்டியிருந்தால், பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீரில் ஆயில் இறங்கிவிட்டது என்று பொருள். பட்டறையில் பெரும்பாலும் உடனே கிடைக்கும் பதில்: ‘கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்.’ எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, மட்டம் பிடித்து, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டிய பிறகும் அதே கூழ் திரும்ப வருவதுண்டு. அப்படி வரும்போது மெக்கானிக்குக்குத் தொழில் தெரியவில்லை என்று பழிப்பது எளிது. அது நியாயமுமல்ல, உண்மையுமல்ல. அந்தப் பதில் ஒரு காலத்து எஞ்சினுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தியது. எஞ்சினின் உள்ளமைப்பு பிறகு மாறிவிட்டது, பதில் அப்படியே தங்கிவிட்டது. இதற்கான சான்றுகள் சென்னையை ஒட்டி எண்ணூர், ஆவடி, திருவள்ளூர் என்று ஒரே வட்டாரத்தில் கிடக்கின்றன.

இந்த வட்டாரம் டீசலோடு வளர்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் திரும்பியது. செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் செய்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மண்வாரும் இயந்திரங்களுக்கென்று ஓர் ஆலை அமைத்தது. 1998இல் அதே ஊரில் மிட்சுபிஷி லான்சர் காரையும் செய்யத் தொடங்கியது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும் உருக்காலைகளும் எழுந்தன. கல்கத்தா செல்லும் ஜி.என்.டி. சாலையில் லாரிகளை நம்பிப் பட்டறைகள் வந்தன. ஆக, இங்கே டீசல் வேலையின் முதல் பள்ளிக்கூடம் லாரி. கார் என்பது பின்னால் வந்த மாணவன்.

டீசல் காரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது அம்பாசடர்தான். 1970களின் முடிவை ஒட்டி அதில் 1489 சிசி டீசல் எஞ்சின் வந்தது. பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைப்பு. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. பெட்ரோல் எஞ்சினில் காற்றை ஏழெட்டு மடங்கு அழுத்தினால் போதும் என்றிருந்த காலத்தில், இது 20 மடங்குக்கு மேல் அழுத்தியது. அந்த அழுத்தம் முழுவதையும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட்தான் தாங்கவேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எஞ்சினில் ஆயிலைக் குளிர்விக்கத் தண்ணீரைப் பயன்படுத்தும் தனி உறுப்பு கிடையாது. எஞ்சினின் அடித்தொட்டியான சேம்பரில் இருக்கும் ஆயில் காற்றுபட்டுத் தன் போக்கில் ஆறும். அழுத்தத்தோடு ஓடும் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் அருகருகே வரும் இடம் ஒன்றே: பிளாக்கிலிருந்து ஹெட்டில் வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறும் துளை, கேஸ்கெட்டைக் கடக்கும் இடம். எனவே தண்ணீரில் ஆயில் தென்பட்டால் ஒன்று கேஸ்கெட், இல்லையென்றால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். எதுவானாலும் ஹெட்டை இறக்காமல் பார்க்க வழியில்லை. இந்த எஞ்சினுக்கு முன் நின்று ‘ஹெட்டை இறக்கணும்’ என்றவர் ஊகிக்கவில்லை. வேறு வாய்ப்புகள் எதுவும் இல்லாததால் சரியாக முடிவுகட்டினார். டாக்ஸி அம்பாசடர்கள் ஓடிய ஆண்டுகளெல்லாம் குருவிடமிருந்து சீடனுக்கு இந்த முடிவு கைமாறியது. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. முடிவை மட்டும் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதே வட்டாரத்தில் வேறொரு அறிவும் இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் வருத்தம் தரும் பகுதி. விஜயந்தாவில் இருந்த லேலண்ட் எல்60 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும் அமைப்பு அது. ஆறு சிலிண்டர், 12 பிஸ்டன். ஹெட் என்ற உறுப்பே அதில் கிடையாது, ஆகவே ஹெட் கேஸ்கெட்டும் கிடையாது. ஆனாலும் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிகளில் இதே எஞ்சின் சிலிண்டர் லைனர்களின் அடி சீல் கெட்டுத் தண்ணீர் கசிவதற்குப் பேர்போனது. தண்ணீர் தன் பாதையை விட்டு வெளியேறுவதற்கு ஹெட் கேஸ்கெட் தேவையே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருவள்ளூர் மண்வாரும் இயந்திரங்களும் இதே பாடத்தைச் சொன்னவைதான். டம்பர், லோடர் போன்றவற்றில் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. அது சூடாக்கும் ஆயிலை எஞ்சின் தண்ணீரே குளிர்விக்கும். எஞ்சின் ஆயிலுக்கும் தனிக் கூலர் உண்டு. அந்த இயந்திரங்களில் வேலை பார்த்தவர், ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் அது எந்த ஆயில் என்று முதலில் கேட்பார். கேட்டே ஆகவேண்டும். ஆனால் ஆலைக்குள் இருந்த அந்தக் கேள்வி, சாலையோரப் பட்டறைக்கு வந்து சேரவில்லை. டாங்கிக் கூடத்தின் வேலை ராணுவத்தோடு நின்றது, மண்வாரும் இயந்திரத்தின் வேலை சுரங்கத்தோடும் அணைக்கட்டோடும் போயிற்று; கார் மெக்கானிக் லாரியையும் அம்பாசடரையும் பார்த்தே கற்றார்.

1998 ஒரு திருப்பம். திருவள்ளூரில் லான்சர் டீசல் வந்தது. அதே ஆண்டின் முடிவில் டாடா இண்டிகா அறிமுகமானது. 2005இல் இன்னோவா, 2007இல் ஸ்விஃப்ட் டீசல். பட்டறைக்கு வந்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, அலுமினிய ஹெட். லான்சரின் 2 லிட்டர் எஞ்சினில் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருந்தது. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும்; நடுவில் கேஸ்கெட் இரண்டு பக்கமும் இழுபடும். ஒருமுறை எஞ்சின் கொதித்தால் ஹெட் வளையும். இந்த மாற்றம் பழைய தீர்ப்புக்கு வலுச் சேர்த்தது, ஏனென்றால் கேஸ்கெட் முன்னைவிட அதிகமாகவே போயிற்று. இரண்டாவது மாற்றம் சத்தமில்லாமல் வந்தது: தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர். டர்போ வந்ததும் ஆயில் கடுமையாகச் சூடேறியது. அதைக் காற்றை நம்பி விட முடியவில்லை. ஸ்விஃப்டில் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்தை ஒட்டி, மெல்லிய தகடுகள் அடுக்கிய சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. தகட்டின் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். இன்னோவாவிலும் ஆயில் கூலர் தண்ணீரோடு உறவாடியே வேலை செய்கிறது. அம்பாசடரில் ஒரே இடத்தில் நடந்த சந்திப்பு, இவற்றில் தகட்டுக்குத் தகடு நடக்கிறது. தகட்டில் ஊசிமுனைத் துளை விழுந்தாலோ, கூலரின் ரப்பர் சீல் இறுகினாலோ போதும், ஆயில் தண்ணீரில் இறங்கிவிடும்.

அந்தத் துளை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் மூன்று, நான்கு கிலோ. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தமோ ஒரு கிலோவை ஒட்டியது. எனவே ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான தண்ணீரின் அழுத்தம் சிறிதுநேரம் நிற்கும். அப்போது கொஞ்சம் தண்ணீர் எதிர்த்திசையில் நகரலாம். ஆனால் மொத்தக் கணக்கில் கூலர் கெட்ட வண்டியில் கூலன்ட் பாட்டில் நிறையக் கூழ் இருக்கும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் ஆயில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஹெட் கேஸ்கெட் போகும்போது பெரும்பாலும் உடைவது எரியறைக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள சுவர். அதன் அடையாளங்கள் வேறு: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லாக இறுகும், கூலன்ட் பாட்டிலில் குமிழி விடாமல் வரும், தண்ணீர் காரணமின்றிக் குறையும், காலையில் வெள்ளைப் புகை தள்ளும். எரியறை வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் கரியமிலவாயு பட்டால் மஞ்சளாகும். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது அந்த வாயு குறைவு என்பதால், எஞ்சினுக்குச் சுமை கொடுத்துக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆயில் இருக்கிறது, வாயு இல்லை, சேம்பரில் தண்ணீரும் இல்லை என்றால் முதலில் கைவைக்க வேண்டியது கூலரில். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கூழ் சிவந்த சாயலாக இருந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர்தான் ஓட்டை.

இந்த வட்டாரத்தில் கூலரும் ஹெட்டும் சீக்கிரம் அரிபடுவதற்கு ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் முடிவிலேயே அது ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. உப்புத் தண்ணீர் இரும்பைவிட அலுமினியத்தைக் குழிகுழியாகத் தின்னும். அம்பாசடர் காலத்து வழக்கம் ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றுவது. இரும்பு ஹெட் அதைத் துருவோடு தாங்கிக்கொண்டது. அதே வழக்கம் அலுமினிய ஹெட்டுக்கும் தகட்டுக் கூலருக்கும் வந்தபோது, கேஸ்கெட்டின் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி உலோகமே கரைந்து போயிற்று. ஆகவே தீர்ப்பு மட்டுமல்ல, நோயின் ஒரு பகுதியும் பழைய வழக்கத்தின் மிச்சம்தான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது பலவீனமானதும் அல்ல. அலுமினிய ஹெட் வந்த பிறகு கேஸ்கெட் கோளாறுதான் மிகுதி. பத்து வண்டியில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவதை முதலில் சொல்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். கொதித்த வண்டியைப் பற்றிய பேச்சென்றால் அது சரி. ஆனால் இங்கே பேச்சு கொதிக்காத, புகை வராத, தண்ணீரில் ஆயில் மட்டும் தெரிகிற வண்டியைப் பற்றியது. அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தில் கேஸ்கெட்டின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. செலவுக் கணக்கும் உண்டு: கூலரைக் கழற்றிப் பார்க்கப் போகும் நேரம் ஹெட் இறக்குவதில் சிறு பங்கு. தப்பாக ஹெட் இறக்கினால் டைமிங்கைக் கலைத்து, போல்ட்களை மறுபடி இறுக்கி, நன்றாக இருந்த ஒன்றைப் பிரித்துப் போட்டதாகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும் கருவி சின்னப் பட்டறையில் ஏது என்பது இன்னொரு வாதம். கூலரைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஆயில் வழியின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் நாலைந்து கிலோ காற்றைக் கொடுத்து, தண்ணீர் வாளிக்குள் அமுக்கினால் துளை குமிழியாகப் பேசும். பஞ்சர் கடையில் இருக்கும் கம்ப்ரஸர் இதற்குப் போதும். கூலிக்காகவே பெரிய வேலையைச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கேட்கிறது. சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கூலி எதுவும் கிடைக்காத நிலையிலும் நேர்மையான மெக்கானிக்குகள் இதே முடிவைத்தான் சொல்கிறார்கள். பேராசையைக் கொண்டு இதை விளக்க முடியாது. அம்பாசடரைக் கொண்டு விளக்கலாம்.

தவறான தீர்ப்பு தன்னையே உறுதிசெய்துகொள்ளும் விதமும் உண்டு. உண்மையான காரணத்தைச் சரிசெய்த பிறகும் ரேடியேட்டர் குழாய்களிலும் ஹீட்டரிலும் ஒட்டிய ஆயில் வாரக்கணக்கில் மேலே வரும். சரியாகக் கழுவவில்லை என்றால், சரியான வேலையே தோல்வியாகத் தெரியும். பிறகு ஹெட்டை இறக்குவார்கள், அதோடு கழுவவும் செய்வார்கள், குணமாகும், புகழ் கேஸ்கெட்டுக்குப் போகும். ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ்கள் ஊறிப் பெருத்து மென்மையாகிவிடும். அவற்றையும் மாற்ற வேண்டும். கூலன்ட் இரண்டு வகையைக் கலந்ததால் திரண்ட களியையும், துருச் சேற்றையும் ஆயில் என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது. ஐப்பசி மழையில் குறைந்த தூரமே ஓடும் வண்டியின் ஆயில் மூடிக்கடியில் படியும் வெள்ளை நுரை வெறும் ஆவி. அதற்கும் கேஸ்கெட்டுக்கும் தொடர்பில்லை.

லான்சர் செய்த திருவள்ளூர் ஆலையில் பின்னர் சிட்ரோன் சி5 ஏர்கிராஸ் 2021இல் டீசல் எஞ்சினோடு வெளிவந்தது. மண்வாரும் இயந்திர ஆலை கேட்டர்பில்லர் கைக்குப் போய் இன்றும் ஓடுகிறது. ஆலைகளுக்குள் இருக்கும் அறிவைச் சாலையோரத்துக்குக் கொண்டுவர அம்பத்தூரிலும் திருவள்ளூரைச் சுற்றியும் உள்ள ஐ.டி.ஐ.க்கள் முன்வர வேண்டும். ஆயில் கூலரை வாளியில் அமுக்கிப் பார்ப்பதை டீசல் மெக்கானிக் பாடத்தில் கட்டாயப் பயிற்சியாக்குவதற்குப் பெரிய செலவில்லை. கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ரேடியேட்டரில் கூழைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்துங்கள், மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன், வண்டியில் ஆயில் கூலர் இருக்கிறதா, அதைக் கழற்றிச் சோதித்தாயிற்றா என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேளுங்கள்.