ஐந்து நூலா, பதினாறு மில்லியா?

படப்பையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெரிய லாரிகளுக்கு இடையே, செங்கல்லோ ஜல்லியோ வைக்கோலோ ஏற்றிய டிரெயிலரை இழுத்துக்கொண்டு டிராக்டர்களும் போகும். இழுக்கும் வண்டியையும் இழுபடும் வண்டியையும் இணைப்பது ஒரு கொக்கி. அந்தக் கொக்கியை டிராக்டரின் உடலோடு பிணைத்திருப்பவை ஒரு சில போல்ட்டுகள். மேட்டில் ஏறும்போது அவை கைவிட்டால், சில டன் பாரத்துடன் டிரெயிலர் பின்னோக்கி உருளும். அதற்குப் பின்னால் சைக்கிளில் வருபவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

அந்தப் போல்ட்டுகளில் ஒன்று தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் இரும்புக் கடைக்குப் போய், "அஞ்சு நூல் போல்ட்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறார். கடைக்காரர் 16 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை எடுத்துத் தருகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் பழைய நட்டு அந்தப் புதிய போல்ட்டில் சரியாக ஏறாது. ஏன் என்று விளக்க, ஏறத்தாழ 200 ஆண்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் 'நூல்' என்றால் என்ன? நம் ஊர்த் தச்சர்களும் கொத்தனார்களும் பட்டறைக்காரர்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். ஐந்து நூல் என்பது 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். கட்டடத்துக்குக் கம்பி வாங்கும்போது 16 மில்லிமீட்டர்க் கம்பியையும் ஐந்து நூல் கம்பி என்றே சொல்கிறோம். கம்பிக்கு இதனால் கெடுதல் இல்லை. எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கான்கிரீட் பொருட்படுத்தாது. போல்ட்டு அப்படியல்ல. அதற்கு மரை இருக்கிறது.

மரைக்கு மூன்று குணங்கள் உண்டு: குறுக்களவு, ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி, புரியின் சரிவுக் கோணம். போல்ட்டும் நட்டும் இம்மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஒன்றையொன்று முழுமையாகப் பற்றும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை இருந்தது. ஒரு போல்ட்டுக்கென்று செய்த நட்டு அந்தப் போல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். எந்திரத்தைப் பிரிக்கும்போது சோடி மாறாமல் குறியிட்டு வைக்க வேண்டும். ஹென்றி மாட்ஸ்லி என்பவர் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை உருவாக்கினார். அவருடைய பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், பிற்பாடு மான்செஸ்டரில் சொந்தத் தொழில் தொடங்கினார். பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி பார்த்து, 1841-இல் பொறியாளர் சங்கத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். கோணம் 55 பாகை. ஒவ்வொரு குறுக்களவுக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று ஒரு பட்டியல். ஐந்து நூல் போல்ட்டுக்கு 11 புரிகள். யாருடைய மரையையும் முற்றாகத் தள்ளாமல் நடுவழி கண்டதுதான் அவருடைய சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மரையை ஏற்க எவருக்கும் அதிகம் வலிக்கவில்லை.

பிரிட்டிஷ் எந்திரங்கள் போன இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போயிற்று. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-இல் இரயில் ஓடத் தொடங்கியது. (இந்த வாலாஜா ரோடு வேறு, படப்பைச் சாலை முடியும் வாலாஜாபாத் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இரயிலும் ஆலைகளும் வந்தபோது அந்த 55 பாகை மரை நம் நாட்டிலும் வேர்விட்டது.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமும் தட்டை முகடும் கொண்ட ஒரு மரையை முன்வைத்தார். விட்வொர்த்தின் உருண்டை முகட்டைச் சாதாரணத் தொழிலாளியால் சரியாக வெட்ட முடியாது, தட்டை முகடு எளிது என்பது அவர் வாதம். ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் 1898-இல் சூரிச் நகரில் கூடி, மில்லிமீட்டரில் ஒரு மரை வரிசையை ஒப்புக்கொண்டன. கோணம் 60 பாகைதான். ஆனால் இடைவெளியை அங்குலக் கணக்கில் எண்ணாமல் மில்லிமீட்டரில் அளந்தார்கள். ஆக, உலகில் மூன்று குடும்பங்கள்.

குடும்பம் வேறானால் என்ன ஆகும் என்பதை 1904 பிப்ரவரி 7-ஆம் நாள் பால்டிமோர் நகரம் கண்டது. நகரின் நடுவே பெருந்தீ. வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆள் இருந்தது, தண்ணீர் இருந்தது. வெளியூர்க் குழாய்களின் மரை பால்டிமோர்த் தண்ணீர்க் குழாய்முனையில் ஏறவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு பாடம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் விமான எந்திரத்தை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் செய்ய ஒப்புக்கொண்டது. எந்திரம் முழுவதும் பிரிட்டிஷ் மரைகள். அவற்றை வெட்டும் டேப்புகளும் டைகளும் அமெரிக்காவில் கிடைக்காததால் பேக்கார்டு அவற்றைத் தானே செய்துகொண்டது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி அங்குல அளவில் 60 பாகைக் கோணத்தில் ஒரே மரையை ஏற்றன. இதுவே ஒன்றிய மரை எனப்படுவது. விட்வொர்த் பிறந்த நாடே அவருடைய கோணத்தைக் கைவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே 1948-இல்தான் சென்னையில் மோட்டார்த் தொழிலும் காலூன்றியது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்டு. படப்பைக்கு வெகு அருகில், பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார்களை அது இங்கே செய்தது. 1961 முதல் ஹெரால்டு கார் வந்தது. ஹெரால்டின் போல்ட்டுகள் பெரும்பாலும் புதிய ஒன்றிய மரை. தாம்பரம் பக்கத்துப் பட்டறைகளில் விட்வொர்த் போல்ட்டுப் பெட்டிக்கு அருகில் இன்னொரு பெட்டி தேவைப்பட்டிருக்கும். 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஒரு வேடிக்கையான உறவையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அதே ஸ்டாண்டர்டு நிறுவனம்தான் 1946 முதல் ஹாரி பெர்குசனின் சிறு டிராக்டரைச் செய்துகொடுத்தது. கலப்பையை டிராக்டரோடு மூன்று முனைகளில் பிணைக்கும் அமைப்பைப் பரப்பியவர் பெர்குசன். இன்று எந்த டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் அந்த அமைப்பு இருக்கும். அவருடைய நிறுவனம் மாஸி ஹாரிஸோடு இணைந்து மாஸி பெர்குசன் ஆயிற்று. அந்த டிராக்டர்களை 1960-களின் தொடக்கம் முதல் சென்னை செம்பியத்தில் டாபே நிறுவனம் செய்தது. அந்த வழிவந்த பழைய டிராக்டர்களில் அங்குல மரைகள் நிறைய. நம் ஓட்டுநரின் நட்டு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதற்கிடையே நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. 1956-இல் எடை அளவுச் சட்டம். 1957 ஏப்ரலில் புதுக் காசு. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் மீட்டரும். 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம், மில்லிமீட்டர் மரைகளுக்கான தரங்களை 1960-களில் வெளியிட்டது. அதே காலத்தில், 1966-இல், பாடியில் சுந்தரம் பாஸனர்ஸ் உற்பத்தியைத் தொடங்கி, வண்டிகளுக்கான உறுதிமிக்க போல்ட்டுகளைச் செய்யலாயிற்று. காசு மாறியபோது பழைய காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பழைய போல்ட்டை யார் திருப்பி வாங்குவார்கள்? ஓடும் டிராக்டரோடு அதுவும் ஓடிக்கொண்டேயிருந்தது.

கடையில் தந்த 16 மில்லிமீட்டர் போல்ட்டின் புரி இடைவெளி 2 மில்லிமீட்டர். பழைய ஐந்து நூல் போல்ட்டில் அங்குலத்துக்கு 11 புரி என்றால், இடைவெளி 2.31 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் 0.31 மில்லிமீட்டர் பிசகு. மூன்று சுற்றில் ஏறத்தாழ 0.93. அங்குல நட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் தொடக்கத்திலேயே முரண்டும். இதைவிடப் பொல்லாதது மறுபக்கம்: அங்குல போல்ட்டில் மில்லிமீட்டர் நட்டு. போல்ட்டு சற்றே மெலிந்ததாகையால் நட்டு இரண்டு, மூன்று சுற்று எளிதாக ஏறும், பிறகு இறுகும். "நல்லா டைட்டாயிடுச்சு" என்று மகிழ்ந்து நீண்ட குழாயைச் செருகித் திருகினால், புரிகள் வழித்துக்கொண்டு உட்காரும். கொக்கி இறுகவில்லை, மரைதான் நொறுங்கியது.

ஸ்பேனராவது எச்சரிக்குமா என்றால், அதுவும் இல்லை. 16 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 24 மில்லிமீட்டர். ஒன்றிய மரை ஐந்து நூல் போல்ட்டின் தலை 15/16 அங்குலம், அதாவது 23.8. ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும் பொருந்தும்! விட்வொர்த் போல்ட்டின் தலை மட்டும் சற்றுப் பெரியது. அதன் ஸ்பேனரில் பொறித்த எண்ணும் தலையின் அளவல்ல, போல்ட்டுத் தண்டின் அளவு. பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

மரை பொருந்தினால் மட்டும் போதாது, உறுதியும் வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையில் அறும் என்பது கிடைக்கும்: 800. இரண்டாவது எண், அதில் பத்துக்கு எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் நிலையாக நீளாது என்கிறது. 16 மில்லிமீட்டரில் 8.8 போல்ட்டு ஏறத்தாழ 9½ டன் இழுவையைச் சோதனையில் தாங்கும், 4.6 வகை போல்ட்டு 3½ டன்னை ஒட்டித்தான். கதவுக்கும் பெஞ்சுக்கும் போடும் குறியில்லாத போல்ட்டை, 4.6-ஐவிட மேலானது என்று நம்பக் காரணமில்லை.

இந்த உறுதி எதற்கு? கொக்கித் தகட்டை வண்டியோடு நெருக்கிப் பிடிக்க. போல்ட்டு சரியாக முறுக்கப்பட்டால் இரு தகடுகளின் உராய்வே பாரத்தை இழுக்கும்; போல்ட்டின் மேல் வெட்டு விசை அதிகம் விழாது. 8.8 போல்ட்டுக்கு அந்த முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் சுமார் 20 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். சரியான எண்ணை டிராக்டர்க் கையேட்டில் பாருங்கள். முறுக்கம் தளர்ந்தால் தகடுகள் நழுவி, ஒவ்வொரு பள்ளத்திலும் போல்ட்டைச் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். தகடுகள் சேரும் இடத்தில் மரை இல்லாத வழவழப்பான தண்டு இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அங்கே மரை இருந்தால் அதன் பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும்.

ஆகவே கடைக்குப் போகும்போது வாயால் அளவு சொல்லாமல், பழைய போல்ட்டையும் நட்டையும் கையில் கொண்டு போங்கள். மில்லிமீட்டர் என்று உறுதியாகத் தெரிந்த புதுப் போல்ட்டு ஒன்றின் மரையோடு பழையதைப் பக்கவாட்டில் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே இனமானால் இரண்டும் சீப்புப் பற்கள் போலப் பொருந்தி வெளிச்சம் கசியாது. புதுப் போல்ட்டு கைக்குக் கிடைக்காவிட்டால் பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் போதும். ஒரு முகட்டில் தொடங்கி 20 மில்லிமீட்டர் தூரத்துக்கு இடைவெளிகளை எண்ணுங்கள். சரியாகப் பத்து வந்தால் அது பதினாறு மில்லி. எட்டரையைத் தாண்டி, ஒன்பதை எட்டாமல் நின்றால் அது ஐந்து நூல்.