காலிக் கோட்டை நகரின் மறுவாழ்வு

1911-ம் ஆண்டிற் காலி நகரிலே, மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்று பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் எழுத்துப் பொறிக்கப்பெற்ற அக்கல், சீனப் பேரரசரின் ஆணைப்படி 1409-ம் ஆண்டில் எழுதப்பெற்றுக் கடற்படைத் தலைவன் செங் ஹேயினால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதாகும். புத்தபிரானுக்கு அளித்த காணிக்கைகளைச் சீனப் பகுதியும், தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த தெனவரை நாயனாருக்கு அளித்தவற்றைத் தமிழ்ப் பகுதியும், இஸ்லாமியர் வழிபாட்டுக்கு அளித்தவற்றைப் பாரசீகப் பகுதியும் கூறுகின்றன. இன்று கொழும்பு நூதனசாலையிலே போற்றிக் காக்கப்படும் அக்கல்லை, அதன் பெருமை அறியாதார் மதகுக்கு மூடியாக்கினர். அக்கல்லுக்கு நேர்ந்த கதியே பிற்காலத்திற் காலிக் கோட்டை நகருக்கும் ஒருவாறு நேர்ந்தது.

பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இங்கே அரணமைத்தனர். 1640-ம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, கடலால் மூன்று புறமும் சூழப்பட்ட அந்நிலமுனை முழுவதையும் மதிலால் வளைத்து, உள்ளே நேரிய வீதிகளும், பண்டகசாலைகளும், கடல்நீராற் கழுவப்படும் நிலக்கீழ்க் கழிவுக் கால்வாய்களும் கொண்ட ஒரு நகரை எழுப்பினர். பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்னும் ஆண்டோடு ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும், வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் இலச்சினையும் இன்றும் காணப்படுகின்றன. ஒரே வாயில் இரண்டு ஆட்சிகளுக்குச் சான்று பகர்கின்றது.

1796-ம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னும் காலியின் சிறப்புக் குன்றவில்லை. கீழைத்தேயம் செல்லும் நீராவிக் கப்பல்கள் பல இத்துறையையே நாடின. ஆயின் 1875-ம் ஆண்டிற் கொழும்பிலே அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885-ம் ஆண்டில் அவ்வணை நிறைவெய்தவே, கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. காலியின் வாணிகம் சுருங்கியது. கோட்டைக்குள் ஆரவாரம் அடங்கியது.

இவ்விடத்து ஓர் உண்மை சிந்திக்கற்பாலது. வாணிகம் பெருகிய கொழும்பிலே பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதியன எழுந்தன. காலியிலோ இடித்துக் கட்டுதற்குப் பொருளும் இல்லை, தேவையும் இல்லை. ஆகவே தூண்கள் தாங்கிய விறாந்தைகளும், ஓட்டுக் கூரைகளும், உள்முற்றங்களும் கொண்ட வீடுகள் அவ்வாறே எஞ்சின. அவற்றிற் சோனகரும், சிங்களவரும், பறங்கியரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் பாடசாலைகளும் அவ்வீதிகளுக்கு உயிரூட்டின. பிறர் கவனியாது விட்டமையே இந்நகருக்கு ஒருவகைக் காப்பாயிற்று.

1988-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் காலிப் பழைய நகரையும் அதன் அரண்களையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1994-ம் ஆண்டிற் காலி மரபுரிமை மன்றம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2002-ம் ஆண்டில், பிறநாட்டார் நிலம் வாங்குங்கால் விதிக்கப்பட்ட நூறு வீத வரி நீக்கப்பட, கோட்டை வீடுகள் பல அவர் வசமாயின. இரண்டாண்டுகளின் பின் அவ்வரி மீண்டும் விதிக்கப்பட்டது. 2004-ம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை காலி நகரைப் பாழ்படுத்தியபோது, ஒல்லாந்தர் எழுப்பிய மதில்கள் உள்ளிருந்தாரைப் பெரிதும் காத்தன. அதன் பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகள் பல செப்பனிடப்பட்டன. ஒல்லாந்தர் கால வைத்தியசாலை இன்று உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடமாகப் பொலிகின்றது.

இம்முதலீட்டால் விளைந்த நன்மை மறுக்கற்பாலதன்று. ஒழுகிய கூரைகள் வேயப்பட்டன. மறைந்துகொண்டிருந்த தச்சுத் தொழிலும் சுண்ணச்சாந்து வேலையும் மீண்டும் மதிப்புப் பெற்றன. உல்லாசப் பிரயாணிகளின் வரவாற் பலர்க்குப் பிழைப்புக் கிடைத்தது. எனினும் வீட்டின் விலை ஏறுந்தோறும் அதனை விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே குடியேறுவோர் தொகையும் ஏறுகின்றது. குடும்பங்கள் வாழ்ந்த இல்லங்கள் விடுதிகளாகின்றன. அன்றாடப் பண்டம் விற்ற கடைகள் அணிகலக் கடைகளாகின்றன. குடிகள் நீங்கிய பின் எஞ்சுவது நகரமன்று, நகரத்தின் தோற்றமே.

ஆதலின் மரபுரிமை நகரில் இடும் முதல், சுவரோடு நின்றுவிடல் ஆகாது. அங்கே பிறந்தவர் தம் வீட்டைப் பழைய முறைப்படி பேணுதற்குக் குறைந்த வட்டிக் கடனும் நன்கொடையும் பெறவேண்டும். பிரயாணிகளால் வரும் வருவாயின் ஒரு பகுதி அவ்வூர்ப் பாடசாலைக்கும் வடிகாலுக்கும் செலவாகவேண்டும். இடம்பெயராது வாழ்வதே அவர்க்கு ஆதாயமாகுமாறு விதிகள் அமைதல் வேண்டும்.

மும்மொழிக் கல்லை அதன் எழுத்தைப் படித்தறிந்தார் மதகினின்றும் மீட்டனர். வறுமை காத்துத் தந்த காலிக் கோட்டையைச் செல்வம் காக்குமோ, கரைக்குமோ என்பது, அதனைப் புதுப்பிப்போர் அங்கு வாழும் மக்களையும் அந்நகரின் எழுத்தாகக் கொண்டு படிப்பாரோ என்பதைப் பொறுத்ததாகும்.