தாய்வழிக் குடியும் தாய்வழி நோயும்

மட்டக்களப்பு நாட்டிலே குடிவழி தாயைப் பற்றிச் செல்லும். தாய் எக்குடியினளோ, அவள் வயிற்றுப் பிள்ளைகளும் அக்குடியினரே. குடிக்குள்ளும் ஒரு தாயின் பெண்மக்கள் வழிவந்தோரை வயிற்றுவார் எனப் பிரித்துரைப்பர். வந்தாறுமூலை முதலிய வாவிக்கரையூர்களிற் கோயிலுரிமையோ மணவுறவோ பேசப்படும்போது முதியோர் இக்கணக்கை இன்றும் எடுத்துரைப்பர். முன்னாளில் முக்குவரின் முதுசொத்தும் இவ்வழியே சென்றது. ஆடவன் ஒருவனின் உடைமை அவன் மக்களுக்கன்றி உடன்பிறந்தாள் மக்களுக்கு உரியதாயிற்று. இவ்வழமையைக் கிறித்தோபர் பிறித்தோ 1876இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்க மரபுரிமைச் சட்டம் அவ்வழமைக்கு முடிவு கட்டிற்று.

நிற்க. சொத்தும் குடியும் போலவே தாய்வழியாக வரும் நோயொன்றும் உண்டு. ஈமோபீலியா எனப்படும் குருதி உறையா நோயே அது. எட்டாம் அல்லது ஒன்பதாம் உறைதற்காரணி குறைந்தோர்க்குச் சிறு காயமும் நெடுநேரம் குருதி சொரியும்; மூட்டுகளினுள்ளே குருதி கசிந்து அவற்றை முடமாக்கும். குறைபாடுடைய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஆதலின் நோய் பெரிதும் ஆண்மக்களிடமே வெளிப்படும். அதனைக் காவும் பெண்ணின் ஒவ்வோர் ஆண்மகவும் நோயுறும் வாய்ப்புப் பாதி. ஒவ்வொரு பெண்மகவும் தானே காவியாகும் வாய்ப்பும் பாதி.

நிறமூர்த்தத்தை எவரும் காணுமுன்னரே தாய்வழியைக் கண்டோர் யூத அறிஞர். அவர்தம் தல்மூது நூலிற் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த செய்தியொன்று உண்டு. உடன்பிறந்த நால்வருள் மூவரின் ஆண்குழந்தைகள் விருத்தசேதனத்தால் இறந்தன. நான்காமவள் தன் மகனுக்கு என் செய்வதென வினவியபோது, அச்சடங்கு வேண்டா என்றனர். இஃது வயிற்றுவார்க் கணக்கே யன்றோ! எம்மூர்க் கிழவியர் இதனைக் கேட்டால் வியப்படையார். 1803இல் பிலடெல்பியா மருத்துவர் ஜோன் ஒற்றோ, ஆண்களே நோயுறுவர், பெண்கள் தாம் நோயுறாமலே அதனை மக்களுக்குக் கடத்துவர் என எழுதினார்.

எனினும் இவையனைத்தும் பிறந்த பிள்ளையைப் பற்றியவை. மகப்பெறுவதா, தவிர்ப்பதா என்னும் வினா பெண்ணிடம் வைக்கப்படவில்லை. அரண்மனைகளிலும் நிலை இதுவே. விக்ரோறியாப் பேரரசியின் மகன் லெயோபோல்ட் இந்நோயுற்று 1884இல் 30 வயதில் இறந்தான். பேரரசியின் மகள் அலிசும் காவி. அலிசின் சிறுமகன் ஒருவன் 1873இல் சாளரத்திலிருந்து விழுந்து குருதிக்கசிவால் மாண்டான். அவன் தங்கை அலிக்ஸ் 1894இல் உருசியப் பேரரசனை மணந்தாள். மாமனும் தமையனும் பட்டது அம்மணத்தைத் தடுக்கவில்லை. 1904இல் பிறந்த அவள் மகன் அலெக்சி நோயுற்றான். அது ஒன்பதாம் காரணிக் குறைபாடே என்பது 2009இல் எலும்புகளை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று.

அவ்வினாவைக் கருவுற்ற பெண்ணிடம் எழுப்பியது கோப்பன்ஹேகன் நகரம். பனிக்குடநீரின் உயிரணுக்களைக் கொண்டு கருவின் பாலை அறியலாமென றீஸ், பூக்ஸ் என்னும் மருத்துவர் காட்டினர். அம்முறையை ஈமோபீலியாக் காவியான தாய்மாரிடம் பயன்படுத்தி 1960இல் அறிவித்தனர். ஆண்கருவாயின் கலைத்தலே அன்றிருந்த வழி. அவ்வாறு கலைக்கப்படும் ஆண்கருக்களிற் பாதி நோயற்றவை என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது. 1979இல் கருவின் குருதியைச் சோதித்து நோயையே அறியும் முறை வந்தது. 1980களிற் பரம்பரையலகுகள் பிரித்தறியப்பட்டபின், கருவின் முதன் மாதங்களிலேயே விடை பெறல் இயன்றது.

அறிவு வளர்ந்தாலும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறாயிற்று. இந்தியா 1971இல் கருக்கலைப்புக்கு இடமளித்தது. பெண்சிசுவை அழிப்போரைத் தடுக்க எழுந்த 1994ஆம் ஆண்டுச் சட்டமும், பால்சார்ந்த பரம்பரை நோய்களுக்கான கருச்சோதனையை அனுமதித்தது. இலங்கையிலோ 1883இன் தண்டனைக் கோவை, தாயின் உயிரைக் காத்தற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை ஒப்பவில்லை. ஆகவே மட்டக்களப்புப் பெண்ணொருத்தி, தான் காவியென அறிந்தாலும், கருவுற்றபின் அவளுக்குத் தெரிவு என்பது பெரிதும் இல்லை. கருவுறுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவு எளிதன்று. 1960இல் அஞ்சிய நோய் இன்று அவ்வண்ணமே இல்லை. முற்காப்பாகக் காரணியூசி ஏற்றுவோர் பள்ளி சென்று தொழில் செய்கின்றனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஐவருக்குச் செய்த பரம்பரையலகுச் சிகிச்சையின் பயன் 2024இல் வெளியாயிற்று. இத்தகைய மருந்து தன் மகனுக்கு எட்டுமா என்பதையும் அவள் எடைபோட வேண்டும். கணவன் வீட்டார் அவளுக்காக எடைபோடுவதை யான் ஏற்கேன்.

இனி, எம்மவர் குடிக்கணக்கில் ஓரிடைவெளி உண்டு. நோயுற்ற ஆடவனின் பெண்மக்கள் அனைவரும் காவியரே. ஆனால் அவர் தம் தாயின் குடியைச் சேர்ந்தோர். தந்தையின் நோய் அவர் குடிக்கதையில் இடம்பெறாது போகும். மச்சான் மச்சாளை மணக்கும் வழக்கால், அதே நோய் தந்தையின் தாய்க்குடிக்கே மருமகளோடு மீளவும் கூடும். அவளை மணக்கும் மருமகனும் நோயுற்றவனாயின், பிறக்கும் பெண்மகவும் நோயுறும் வாய்ப்புப் பாதி. மேலும், நோயுற்றோருள் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குக் குடும்பத்தில் முன்னோர் எவரும் நோயுற்றிரார். ஆதலாற் காவியோ என ஐயுறும் பெண் தாய்மாமனை மட்டுமன்றித் தந்தையையும் பற்றி மருத்துவருக்குக் கூறுதல் வேண்டும். கலைத்தலுக்கு இடமில்லா நாட்டிலும் அச்செய்தி பயன்படும்: காவியர் சிலருக்கே காரணி குறைந்திருந்து பேற்றின்பின் குருதி மிகும், மகவு ஆணாயின், ஆயுதமோ வெற்றிடக் கருவியோ கொண்டு தலையைப் பற்றியிழுத்தலைத் தவிர்ப்பர், கொப்பூழ்க்கொடிக் குருதியை அன்றே சோதனைக்கு அனுப்புவர்.