நாற்பத்தைந்து நாள் மௌனம்: தனியார் துப்பாக்கி விற்பனையில் விற்பவரின் சட்டப் பொறுப்பு

வணிகரல்லாத ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கென முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்பனை உரிமம் ஏதுமின்றியே விற்கலாம் என்று, பேச்சு வழக்கில் ஆயுதச் சட்டம் எனப்படும் 1959-ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் அனுமதிக்கிறது. அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவில் 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த இரண்டாம் உட்பிரிவு, இந்த அனுமதியோடு இரண்டு நிபந்தனைகளையும் விதிக்கிறது. விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு தெரிவித்தபின் நாற்பத்தைந்து நாட்களுக்குக் குறையாத காலம் கழிய வேண்டும் என்பது மற்றொன்று. விற்பவர்மீது அறிவிக்கும் கடமை, வாங்குபவரைப் பற்றி விசாரித்தறியும் கடமை என இரு கடமைகளைச் சுமத்தும் இச்சட்டம், வாங்குபவரின் தகுதியை உறுதிசெய்துகொள்ள ஒரு வழிமுறையையும் வகுக்கவில்லை என்பதும், அதனால் பொதுமக்களின் பாதுகாப்புக்கு நேரடியாக உதவக்கூடிய இரண்டாம் கடமை வெறும் ஏட்டுக் கடமையாகச் சுருங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்நிபந்தனைகள் விலைபேசி விற்பதற்கு மட்டுமே உரியவை என்று கருதுவது பிழை. கைமாற்றம் என்னும் சொல்லுக்கு இச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு தரும் விளக்கத்தில் வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, கொடையாக அளிப்பது, தம் வசத்திலிருந்து பிறர் வசத்துக்கு விடுவது ஆகிய அனைத்தும் அடங்கும். ஆகவே தோட்டக் காவலுக்கென மருமகனுக்கு இரவல் கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கியும், அந்த மருமகன் உரிமம் பெற்றவராகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் கைமாற்றப்பட்டதே. தோட்டாக்களுக்கும் இதே நிலைதான். அறிவிப்புக் கடிதத்தில் துப்பாக்கியை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, பெட்டியில் எஞ்சிய தோட்டாக்களை விலையில்லாமல் சேர்த்துக் கொடுப்பவர், கடிதம் எழுதியும் பிரிவை மீறியவராகிறார்.

விற்பவர் தம் கையிலிருக்கும் பொருளைக் குறித்தே முதலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியுள்ளது. தயாரிப்பாளர் பெயரோ தயாரிப்பு எண்ணோ ஏற்கப்பட்ட வேறு அடையாளமோ பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்கக்கூடாது என்கிற 8-ஆம் பிரிவு, எண் அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் அதை வைத்திருப்பவரே அவ்வாறு செய்தவர் என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அனுமானிக்கவும் வழிசெய்கிறது. இரு தலைமுறையாக வீட்டில் இருந்துவந்த பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளில் இந்த அனுமானம் சிக்கலாகிவிடக்கூடும். அவற்றில் எண் பெரும்பாலும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்கும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, எட்டு என்பது மூன்றாகவோ ஆறாகவோ தோன்றும். உரிமப் புத்தகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் எழுத்தர் எழுதிய எண்ணையும் இரும்பில் பொறித்த எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதும், வேறுபாடு இருந்தால் அறிவிப்புக்கு முன்பே உரிமம் வழங்கும் அதிகாரியிடம் திருத்தம் பெறுவதும் சிறு வேலைகள்; அவற்றைச் செய்யாமல் விடுவதன் விளைவு சிறியதன்று.

வாங்குபவரை விசாரிப்பதில் சட்டம் இரண்டு அளவுகோல்களைக் கையாள்கிறது. இருபத்தொரு வயது நிரம்பாதவர், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்று அது முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாதவர், அமைதி காப்பதற்கான பிணைக்கு உட்பட்டவர் ஆகியோருக்கும், விற்கும் வேளையில் மனநலம் குன்றியிருப்பவருக்கும் விற்பதைத் தடுக்கும் 9-ஆம் பிரிவு, விற்பவர் அதை அறிந்திருந்தாரா, அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்ததா என்று பார்க்கிறது. 29-ஆம் பிரிவோ அதைவிடக் கண்டிப்பானது: பெறுபவர் வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தாமா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளாமல் ஒப்படைப்பதையே அது குற்றமாக்குகிறது. தமக்குத் தெரியாது என்பது முதற்பிரிவில் ஓரளவு எதிர்வாதமாகும். இரண்டாவதில் அந்தத் தெரியாமையே குற்றத்தின் உள்ளடக்கம்.

இவ்வளவு கண்டிப்பான 29-ஆம் பிரிவுக்குரிய தண்டனை மூன்று ஆண்டு வரையிலான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதன் எதிர்ப்புறத்தில், 5-ஆம் பிரிவுக்கு மாறாக விற்பதையும் கைமாற்றுவதையும் தண்டிக்கும் 25-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குமுன் மூன்று முதல் ஏழு ஆண்டுகளாக இருந்த சிறைத் தண்டனையைக் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்த்தியிருக்கிறது. கள்ளத் துப்பாக்கித் தொழிலை மனத்தில் வைத்தே இவ்வுயர்வு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமம் உள்ள ஒருவர் உரிமம் உள்ள இன்னொருவருக்கு நாற்பதாம் நாளிலேயே துப்பாக்கியைக் கொடுத்துவிடுவது போன்ற அறிவிப்பு நிபந்தனை மீறலுக்கு, அதே 25-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு ஆறு மாதம் வரையிலான சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரையிலான அபராதம், அல்லது இரண்டும் என்று தனியே தண்டனை வகுத்திருக்கிறது. நாட்காட்டியைத் தவறாக எண்ணியவரைவிட வாங்குபவரின் உரிமத்தைத் திறந்தே பார்க்காதவரைச் சட்டம் கடுமையாக நடத்துகிறது; ஆயினும் அந்த உறுதிசெய்தலுக்கு உதவும் ஏற்பாடு எதையும் அது செய்யவில்லை.

நாற்பத்தைந்து நாட்களில் நடப்பதென்ன என்ற கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை. காவல் நிலையம் விசாரிக்க வேண்டும் என்றோ, வாங்குபவருக்கு உரிமம் அளித்த அதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றோ, விற்பவருக்குப் பதில் எழுத வேண்டும் என்றோ அந்த உட்பிரிவு கூறவில்லை. விற்பவரின் வீட்டருகே உள்ள நிலையத்தில் கடிதம் கொடுத்தாலே போதும் என்னும்போது, வாங்குபவர் வேறு மாவட்டத்தவராயின், அவரைப் பற்றி எதுவும் அறியாத அலுவலகத்தின் மௌனமே சம்மதமாகிவிடுகிறது. தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை நகலை வாங்கி வைத்துக்கொள்ளும் விற்பவர், அறிவித்ததற்குச் சான்று வைத்திருக்கிறாரே ஒழிய, வாங்குபவரின் தகுதிக்குச் சான்று வைத்திருக்கவில்லை. அதனால் உரிமத்தின் செல்லுபடிக் காலம், அதிலுள்ள தனி அடையாள எண், அனுமதிக்கப்பட்ட போர் அளவு, 2019 திருத்தத்தின்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்னும் வரம்பில் இன்னும் இடமிருக்கிறதா என்பது ஆகியவற்றை அவரே மூல ஆவணத்தில் பார்த்து, நகலெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு நேர்மாறான குறையை உடையது. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரு தனியாட்களிடையே நடக்கும் விற்பனைக்குப் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை; தகுதியற்றவர் என்று அறிந்தோ நம்பக் காரணம் இருந்தோ விற்றால் மட்டுமே குற்றம் என்பதால், கேள்வி கேட்காத விற்பவரே பாதுகாப்பாக இருக்கிறார். கலிபோர்னியா மாநிலம் 1991 முதல் தனியார் விற்பனையையும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே நடத்த வேண்டும் என்று விதித்து, காத்திருப்பையும் சோதனையையும் அந்த வணிகரின் கடையில் வைத்தது. அங்கே காத்திருப்பு நாட்களில் ஒருவர் வேலை செய்கிறார் என்பதே இந்திய முறையோடு உள்ள வேறுபாடு.

அத்தகைய இடைநிலைக்கு இந்தியச் சட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருப்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. உரிமதாரர் இறப்பது போன்ற காரணத்தால் ஒரு துப்பாக்கியை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகும்போது அதைக் காவல் நிலையத்திலோ, உரிய நிபந்தனைகளோடு உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்லும் 21-ஆம் பிரிவு, ஒப்படைத்தவரோ அவருடைய சட்டமுறை வாரிசோ, குறித்த காலத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்று விலையைப் பெற்றுக்கொள்ளவும் உரிமை தருகிறது. இதே ஏற்பாட்டை உயிருடன் இருக்கும் உரிமதாரரின் விற்பனைக்கும் நீட்டி, அறிவிப்பு நாளன்றே துப்பாக்கியை வணிகரிடம் வைத்து, வாங்குபவருக்கு உரிமம் அளித்த அதிகாரியின் எழுத்துமூலப் பதில் வந்தபின் பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட்டுக் கைமாற்றுவதாக விதி செய்தால், 29-ஆம் பிரிவு எதிர்பார்க்கும் உறுதிசெய்தல் நடக்க ஓர் இடமும் அதற்கு ஒரு சாட்சியும் கிடைக்கும்.