கப்பலின் அடியில் மறைந்திருந்த ஆபத்து

1770ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி இரவு, கேப்டன் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் என்ற மரக்கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரப் பவளப் பாறையில் மோதியது. பீரங்கி, இரும்பு, கல் என்று 40 முதல் 50 டன் எடையைக் கடலில் வீசிய பிறகே, மறுநாள் இரவு நீர்மட்டம் உயர்ந்தபோது கப்பல் மிதந்தது. அடியிலோ ஓட்டை!

உள்ளே சரக்கு, வெளியே கடல். ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. கப்பலின் அடியில் தேங்கும் நீரின் ஆழத்தை அடிக்கடி அளந்துதான் நிலைமையை அறிவார்கள். அன்று அளந்தவர் உட்பலகைக்கு மேலே நின்ற நீரை அளந்தார். அடுத்து வந்தவருக்கு அது தெரியாது. வெளிப்பலகையிலிருந்து அளந்துவிட்டார். வித்தியாசம் 16, 18 அங்குலம். கப்பல் முழுகப் போகிறது என்று எல்லோரும் கதிகலங்கிப் போனார்கள். தவறு தெரிந்ததும் வந்த தெம்பில் பம்புகளை இன்னும் வேகமாக இயக்கினார்களாம்.

ஜொனதன் மங்ஹவுஸ் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பழைய கயிற்று நாரையும் ஆட்டு ரோமத்தையும் நறுக்கிக் கலந்து, ஒரு பாயின் மீது தைத்து, மேலே ஆட்டுச் சாணத்தைப் பூசினார்கள். அந்தப் பாயைக் கயிறுகளால் கப்பலுக்கு அடியில் இழுத்தார்கள். உள்ளே பாயும் தண்ணீரே நாரை இழுத்துச் சென்று ஓட்டையை அடைத்தது. மூன்று பம்புகளுக்கும் அடங்காமல் ஏறிய நீருக்கு, அதன்பின் ஒரே பம்பு போதுமானதாக இருந்தது.

இன்று குக்டவுன் எனப்படும் இடத்தில் கப்பலைக் கரையேற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. உடைந்த பவளத் துண்டு ஒன்று ஓட்டையிலேயே சிக்கி அதைப் பெருமளவு அடைத்திருந்தது. தச்சர்கள் பலகை மாற்றினார்கள். ஆனால் அடிப்பாகம் முழுவதையும் அங்கே பார்க்க முடியவில்லை. புறப்பட்ட பிறகும் நீர் கசிந்தது.

நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்கு அன்று பத்தாவியா என்று பெயர். அக்டோபரில் அங்கு சேர்ந்து, நவம்பரில் ஒன்ருஸ்ட் தீவின் பட்டறையில் கப்பலைச் சாய்த்துப் பார்த்தார்கள். இரண்டரைப் பலகைகள் ஆறடி நீளத்துக்கு அரை காலங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ந்திருந்தன! கடற்புழுக்கள் உட்சட்டம் வரை துளைத்திருந்தன. அந்த மெல்லிய தோலை நம்பித்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறார்கள்.

பட்டறையின் வேலையைக் குக் மனதாரப் பாராட்டினார். ஆனால் பழுதுபார்க்கத் தங்கிய வாரங்களில் மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் பரவின. பத்தாவியாவிலேயே ஏழு பேர் மாண்டனர். அவர்களில் மங்ஹவுஸின் அண்ணனான கப்பல் மருத்துவரும் ஒருவர். டிசம்பர் 26ஆம் தேதி கப்பல் புறப்பட்டபோது 40க்கும் மேற்பட்டோர் நோயாளிகள். ஓட்டையை அடைத்துக் காட்டிய ஜொனதன் மங்ஹவுஸ், 1771 பிப்ரவரியில் நடுக்கடலில் இறந்தார்.